கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குமா?



எங்க பெரியம்மா மகன் அண்ணன் வீட்டிலேயே கம்ப்யூட்டர், கீபோர்டு வைத்து இசை அமைக்கிறார். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு பாட்டு போட்டார். அதில் நாலு ட்ரம்பெட் சேர்ந்து ஊதும். எங்க அப்பா பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். பாட்டைக் கேட்டுட்டு, "இவங்க எப்பப்பா மூச்சு விடுவாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா சொன்ன குறைகள் மூன்று:

1. ஊதுகிறவர் வரிக்கு வரி மூச்சு வாங்குவார். அந்த இடைவெளி பாட்டிலும் இருக்கணும்.

2. நாலு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒரே நேரத்தில் ஆரம்பிக்க மாட்டாங்க. துளி முன்னே பின்னே வரும். நாலு கட்டையை ஒரே கையில் அமுக்கினால் ஆர்மோனியம் போலத்தான் கேட்கும். ஒவ்வொருவர் வரியையும் தனித்தனியா வாசித்துப் பதியணும்.

3. மெதுவாக ஊதினால் ஒலி மழுங்கி வரும், பலமாக ஊதினால் பளீர்னு வரும். வால்யூமை மட்டும் ஏற்றினால் அந்த மாற்றம் வராது.

அண்ணன் அப்படியே திருத்தினார். நிஜ பேண்டு மாதிரியே இருந்தது. எனக்குத்தான் பயம் வந்தது. இது இவ்வளவு நல்லா வந்தால் அப்பாவை யார் கூப்பிடுவாங்க? இப்பவே முகூர்த்த மாதத்தில் பல கல்யாணத்தில் கீபோர்டு மட்டும்தான்.

ஏ.ஆர்.ரகுமான் தன் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தவர். கம்ப்யூட்டர் இசையில் பேர் எடுத்தவர். அவரே 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் தீம் இசைக்குப் புல்லாங்குழல் நவீனை வாசிக்க வைத்தார். இதை அண்ணனிடம் சொன்னேன். மேல் வரியை மட்டும் அப்பா ஊதட்டும் என்று கேட்டேன்.

அப்பா மைக் முன்னால் ஊதினார். ஒரு நிஜ ட்ரம்பெட் சேர்ந்ததும் மற்ற மூன்றுக்கும் உயிர் வந்த மாதிரி ஆச்சு! அண்ணன் முந்நூறு ரூபாய் கொடுத்தார். அப்பா வேண்டாம் என்றார். "வாங்கிக்குங்கப்பா" என்று நான்தான் சொன்னேன்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இல்லாதவங்களும் அதனால் பாட்டு போட முடியுது. ஆனால் மூச்சைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்தப் பாட்டில் ஓர் இடம் வேண்டாமா? நம் ஆண்டு விழாவுக்கும் ஊரில் வாசிப்பவர் ஒருவரையாவது கூப்பிடுவோம். கூலியும் கொடுப்போம். இது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி