திருட்டுப் போன பழைய காருக்கு என்ன விலை?

முசிறி கடைவீதியில் நிறுத்தியிருந்த பழைய அம்பாசிடர் திருட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்துக் கார். 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. நல்ல நிலையில் இன்னொன்று கிடைப்பது அரிது.

போலீசார் தேடினார்கள். "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சான்று கொடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, "பழைய வண்டிதானே! பாதிப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது.

கையெழுத்துப் போடலாமா?

அவசரம் வேண்டாம். முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வண்டியின் மதிப்பு அதில் அச்சாகியிருக்கும். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு அந்த மதிப்பைக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பிரீமியமும் அந்தக் கணக்கில்தான். வாங்கும்போது ஒரு மதிப்பு, கொடுக்கும்போது வேறு மதிப்பா?

2008-ல் சுப்ரீம் கோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு. விபத்தில் நொறுங்கிய டாடா சுமோ. பாலிசியில் மதிப்பு ரூ.3 லட்சத்து 54 ஆயிரம். கம்பெனி தர முன்வந்ததோ ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். தானே ஒப்புக்கொண்ட மதிப்பைச் சில மாதங்களில் கம்பெனி மறுக்க முடியாது என்றது கோர்ட்டு.

ஆனால், பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதியவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. ஊரார் பத்து லட்சம் என்று புகழலாம். பாலிசியில் ஒரு லட்சம் என்றிருந்தால் ஒரு லட்சம்தான்!

கம்பெனிக்கு ஆட்சேபத்தை எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் மனுப் போக வேண்டும். திருச்சியில் நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது. அங்கே கெடு இரண்டு ஆண்டு.