புதுசும் பழசும் ஜோடி சேராது

அம்பத்தூர் டன்லப் ஸ்டாப்பில் பஸ் ஏறி வேலைக்குப் போன காலத்தில் டயரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது அக்கா மகன் இரண்டு அச்சு டிரெய்லர் வைத்திருக்கிறான். பின்னால் எட்டு டயர், அத்தனையும் தேய்மானம்.

"நாலு மட்டும் மாத்துறேன் மாமா. வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் பழசு. பார்க்கிறவங்களுக்கு எல்லாமே புதுசாத் தெரியும்" என்றான்.

எனக்கு உடன்பாடில்லை. ஒட்டி நிற்கும் இரண்டில் புதுசு சற்று உயரம். பாரத்தை அதுவே அதிகம் சுமந்து சூடேறும். பழசு உரசிக்கொண்டே வரும். அச்சுக்கு அச்சு பாரத்தைப் பங்கு போட நடுவில் ஸ்பிரிங் அமைப்பு உண்டு. ஜோடிக்குள் பங்கு போட ஒன்றுமில்லை. நாலுதான் வாங்க முடியும் என்றால் நாலையும் ஒரே அச்சில் போடட்டும்.

விலை குறைத்துக் கொடுத்தால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2221 என்றால் 2021-ஆம் வருடம் 22-வது வாரம் செய்தது. பட்டன் புதுசாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது.

பூந்தமல்லி பைபாஸில் உரிந்து கிடக்கும் ரப்பர் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அது உரியும் நேரத்தில் பின்னால் டூவீலரில் யாரோ வந்துகொண்டிருப்பார்கள். இதைச் சொன்னதும் பையன் பேசவில்லை.

நாளை கடைக்குப் போகிறான். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.