பேர் போடு

"இந்தப் பழைய பிலிமையெல்லாம் வச்சிக்கிட்டு ஏன் ராத்திரி கண் முழிக்கிறீங்க தோழர்? ஏதாவது நிறுவனத்துல குடுத்துட்டா அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" இயக்கத்துத் தோழர் ஒருத்தர் கேட்டார். அவருக்கும் அவரைப் போல நினைக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

உருளையன்பேட்டையில் என் வீட்டுப் பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. செத்துப்போன என் மாமா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அதில் இருக்கின்றன. காதுகுத்து, சாவு, 1991 அம்பேத்கர் நூற்றாண்டு ஊர்வலம். மூடியைத் திறந்தால் புளிச்ச வாடை. கடலோரப் புழுக்கத்தில் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இனி காத்திருக்க நேரமில்லை.

செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பெரும்பகுதி கோயிலும் சிற்பமும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல வேலைதான், மறுக்கல. என் கேள்வி வேற. படத்துக்குக் கீழே எழுதுவது யார்? எதை எழுதுவது?

1868 முதல் 1875 வரை வெள்ளைக்காரன் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதி போட்டான். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். முகம் இருக்கு. கீழே பெரும்பாலும் சாதிப்பேர் இருக்கு. ஆளு பேரு எங்கே?

அது பழைய கதை என்கிறீர்களா? சில வருஷம் முன்னால் ஒரு கண்காட்சிக்குப் போனேன். நூற்றாண்டு ஊர்வலப் படம் ஒன்று மாட்டியிருந்தது. முன்வரிசையில் எங்கம்மா. கீழே 'தலித் பெண்கள், புதுச்சேரி'. அவ்வளவுதான். தர்ஸ்டன் செத்தா போனார்?

அதனால்தான் வீட்டிலேயே ஸ்கேன் பண்ணுகிறேன். மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும், சாதா ஆபீஸ் ஸ்கேனர் உதவாது. 2400 புள்ளி, 16 பிட். இந்தச் சதுர நெகட்டிவ் ஒன்றுக்கு 56 எம்பி வரும். தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்புக் கதிரால் இயங்குகிறது. கலர் பிலிமின் சாயத்துக்குள் அந்தக் கதிர் புகுந்து போகும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருப்பது வெள்ளி, அது கதிரை மறிக்கும். உடனே மெஷின் முகத்தையே அழுக்குன்னு நினைச்சு அழிக்கும். மெஷின் மட்டுமா அப்படி நினைக்குது?

இன்னொன்று. அந்த வெள்ளியைப் பிலிமில் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டெலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுத்தது. செத்த மாட்டைத் தொட்டவனைத் தீட்டு என்றவன் வீட்டுக் கல்யாணப் படமும், அவன் கும்பிடும் சாமியின் படமும் அதன்மேல்தான் நிற்கின்றன.

திரையில் படம் நேராகித் தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கம்மா ஒவ்வொருத்தராகப் பேர் சொல்கிறார்கள். யார் யாருக்கு என்ன முறை, தட்டி எழுதியது யார், அடி வாங்கியது யார் எல்லாம் வருகிறது. செயின்ட் லூயி வீதிப் பக்கம் வீட்டு வேலைக்குத்தான் போனவங்க அவங்க. அங்கே எந்த மேசையில் உட்கார்த்தி இதைக் கேட்பார்கள்?

அந்தப் பேர்களை இந்தப் பக்கத்தில் நானும் அச்சடிக்கல. அவங்களைக் கேட்காம போட எனக்கும் உரிமை கிடையாது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாணவத் தோழர்களே, பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஸ்கேனர் வாங்கலாம். எடுத்ததை ரெண்டு இடத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். நிறுவனத்துக்குக் கொடுப்பதானால் பிறகு கொடுக்கலாம், நம்ம பேரோட, நம்ம நிபந்தனையோட. பிலிம் கொஞ்ச நாள் தாங்கலாம். பேர் சொல்லும் கிழவிகள் அதுவரை இருப்பார்களா?