பன்னிரண்டு விநாடிக்குள்ள எழுந்து நடந்து வர முடியுமா?



பி.காம் படிக்கிறவனுக்கு 'பேலன்ஸ்'னா ஒரே அர்த்தம்தான். பற்றும் வரவும் நேராகணும், ஆகலைன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. இந்தப் பதிவு வேற ஒரு பேலன்ஸ் பத்தி. வயசானவங்க நடக்கும்போது உடம்பு தடுமாறாம நிக்குதே, அது. அதை ஒரு நாற்காலி, மூணு மீட்டர் தரை, ஒரு கடிகாரம் வெச்சு அளக்க முடியும். ஓய்வூதியத்துக்காகப் பெரியவங்க வருஷா வருஷம் வந்து நிக்கிற இடத்துலயே அதை அளந்துடணும்ங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல சோதனை என்னன்னு பார்ப்போம். கை வெச்ச ஒரு நாற்காலியில சாய்ஞ்சு உக்காரணும். எதிரே மூணு மீட்டர் தள்ளித் தரையில ஒரு கோடு. 'போங்க'ன்னு சொன்னதும் எழுந்து, வழக்கமான வேகத்துல கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து மறுபடி உக்காரணும். தினமும் போடுற செருப்பையே போட்டுக்கலாம், கைத்தடி பிடிக்கிறவங்க பிடிச்சுக்கலாம். கூட நிக்கிறவர் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, ஆனா தடுமாறினா பிடிக்கிற தூரத்துல இருக்கணும். அவ்வளவுதான்.

1986ல இது வெறும் பார்வைச் சோதனையா இருந்தது. நடக்கிறதைப் பார்த்து 1லேருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க. ஒருத்தர் 2 போட்டா இன்னொருத்தர் 3 போடுவார். 1991ல கனடாவைச் சேர்ந்த பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன்னு ரெண்டு பேர் மார்க்கைத் தூக்கிட்டு ஸ்டாப்வாட்சை வெச்சாங்க. 'டைம்டு அப் அண்ட் கோ'ன்னு பேர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியோட கணக்குப்படி 12 விநாடியோ அதுக்கு மேலயோ ஆனா விழுற அபாயம் இருக்கு. 2022ல வந்த உலக அளவிலான வழிகாட்டி 15 விநாடியைத் தாண்டினா கவனிக்கச் சொல்லுது.

இவ்வளவு சின்ன விஷயத்துல என்ன தெரியும்னு தோணும். யோசிச்சுப் பாருங்க. நாற்காலியை விட்டு எழ தொடையில பலம் வேணும். நடக்க பாதமும் கண்ணும் ஒத்துழைக்கணும். திரும்புறதுக்கு உள்காது ஒழுங்கா இருக்கணும். பொத்துன்னு விழாம மெதுவா உக்கார்றதுக்கு மறுபடி தொடை வேணும். வீட்டுல ஒரு பெரியவர் நாள் பூரா செய்யிற வேலையோட சுருக்கம் இதுக்குள்ள இருக்கு.

எங்க வீட்டு ஹால்ல தாத்தாவுக்கு வெச்சுப் பார்த்தேன். "டேய், நான் என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போறேன்?"னு கேட்டார். எழுந்து போனது நல்லாதான் இருந்தது. திரும்புற இடத்துல மட்டும் குட்டிக் குட்டியா ஆறேழு அடி வெச்சு, கை தானா சுவரைத் தேடுச்சு. 14 விநாடி. "மணி ஓடுதேன்னு பார்த்தா நடை தானா பின்னுது"ன்னு சமாளிச்சார். ஆனா ராத்திரி பாத்ரூம் போறப்ப அவர் சுவரைப் பிடிச்சுக்கிட்டே போறது அன்னிக்கு அப்புறம்தான் எங்க எல்லார் கண்ணுலயும் பட்டது. எண்ணைவிட அந்தச் சுவர்தான் எனக்கு முக்கியமாப் பட்டது.

வேற சோதனைகளும் உண்டு. சாதாரண நடை வேகத்தை மட்டும் அளக்கிறது ஒண்ணு. நாலு மீட்டர் நடக்க அஞ்சு விநாடி ஆனா விநாடிக்கு 0.8 மீட்டர். அதுக்கும் கீழே போனா எச்சரிக்கை. ரோட்டைக் கடக்கிற சிக்னலுக்குப் பல இடங்கள்ல விநாடிக்கு 1.2 மீட்டர்னு கணக்கு போடுவாங்க. 12 மீட்டர் அகல ரோடுன்னா 10 விநாடி போதும். நம்ம 0.8 ஆளுக்கு 15 விநாடி வேணும். மிச்ச 5 விநாடி அவர் நடு ரோட்டுல பஸ் முன்னாடி!

இன்னொண்ணு சுவீடன்ல 1997ல செஞ்சது. முதியோர் குடியிருப்புல 58 பேரோட நடந்துக்கிட்டே பேச்சுக் கொடுத்தாங்க. பேச ஆரம்பிச்சதும் 12 பேர் நடையை நிறுத்திட்டாங்க. அடுத்த ஆறு மாசத்துல அந்த 12ல 10 பேர் விழுந்திருந்தாங்க. நடக்கிறதுக்கே மொத்த கவனமும் செலவாகிறவங்களுக்குப் பேச மிச்சம் இல்லை. கையிருப்பே இல்லாத கணக்கு மாதிரி.

சரி, விழுந்தா என்ன, எழுந்துக்கலாமேன்னு கேக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகுறாங்க. எதிர்பாராத காயங்கள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். 1988ல அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வுல, 75 வயசு தாண்டின 336 பேர்ல 32 சதவீதம் பேர் ஒரே வருஷத்துல ஒரு தடவையாவது விழுந்திருந்தாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சா பல பேர் பழைய நடைக்குத் திரும்புறதே இல்லை. நம்ம வீடுகள்ல அதோட இன்னொருத்தரும் வீட்டோட முடங்குவாங்க. பெரும்பாலும் மருமகளோ மகளோ. அந்தச் செலவு எந்த ஐந்தொகையிலயும் வராது.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குறவங்க ஒவ்வொரு நவம்பர்லயும் உயிர்வாழ் சான்று குடுக்கணும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு வருஷாந்திர நேர்காணல் இருக்கு. அதாவது வருஷத்துக்கு ஒரு தடவை லட்சக்கணக்கான பெரியவங்களைப் பார்த்து 'உயிரோட இருக்கீங்களா?'ன்னு கேக்குற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. 'எப்படி நடக்குறீங்க?'ன்னு யாரும் கேக்குறதில்லை. வங்கியிலயும் கருவூலத்துலயும் நாற்காலி இருக்கு, தரை இருக்கு, எல்லார் கையிலயும் செல்போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கு. வேண்டியது கொஞ்சம் வண்ண டேப்பும், அந்த நாட்கள்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலேருந்து பயிற்சி பெற்ற ஒருத்தரும்தான்.

2014லேருந்து மின்னணு முறையிலயும் சான்று குடுக்கலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போறார், அப்புறம் எதுக்கு வங்கியிலன்னு கேக்கலாம். நியாயம். ஓய்வூதியமே இல்லாதவங்க இன்னும் அதிகம். அவங்களுக்கு இன்னொரு வழி தமிழ்நாட்டுல போட்டு வெச்சிருக்கு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற திட்டம், பிசியோதெரபியும் அதுல சேர்த்தி. அந்த மாதிரிப் போறவங்க பையில இந்தச் சோதனைக்காகப் புதுசா ஒரு கருவியும் ஏத்த வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடணும், இல்லேன்னா அது தணிக்கை ஆகாது. இந்தச் சோதனை அவ்வளவு துல்லியம் இல்லை. 2014ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, 13.5 விநாடியை எல்லையா வெச்சா, பின்னால விழப்போறவங்கள்ல நூத்துக்கு 31 பேரைத்தான் பிடிச்சது. விழாதவங்கள்ல நூத்துக்கு 26 பேரை வீணா பயமுறுத்துச்சு. நம்ம கணக்குல போடுவோம். நூறு பெரியவங்கள்ல 30 பேர் விழப்போறாங்கன்னு வெச்சுக்கங்க. சோதனை பிடிக்கிறது 9 பேரை. தப்ப விடுறது 21 பேரை. மீதி 70ல 18 பேருக்கு வீண் எச்சரிக்கை. மோசமான ரிசல்ட்தான்.

ஆனா இதுலேருந்து வர்ற முடிவு சோதனையைத் தூக்கிப் போடுன்னு இல்லை, அதை மட்டும் நம்பாதேன்னுதான். முன்னாடி மூணு கேள்வி கேக்கணும்: போன ஒரு வருஷத்துல விழுந்தீங்களா? நடக்கும்போது தடுமாற்றம் இருக்கா? விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கா? ஒண்ணுக்கு 'ஆமா' வந்தாலும், கடிகாரம் 10 விநாடி காட்டினாலும், விடக் கூடாது. அதோட ஒரு வருஷ லாபத்தை மட்டும் பார்த்து எந்தக் கம்பெனியையும் எடை போட மாட்டோம், போன வருஷத்தோட ஒப்பிடுவோம். ஒரு விநாடி ரெண்டு விநாடி ஏறி இறங்குறது சகஜம். போன நவம்பர்ல 9, இந்த நவம்பர்ல 14ன்னா அது பேசுது. வருஷா வருஷம் ஒரே இடத்துல அளந்தாத்தான் இந்த ஒப்பீடு கிடைக்கும்.

எனக்கு நிஜமாவே பயமா இருக்கிறது வேற ஒண்ணு. 'நீங்க விழுந்துடுவீங்க'ன்னு ஒரு சீட்டைக் கையில குடுத்து அனுப்பினா, வீட்டுல என்ன செய்வோம்? "பாட்டி, நீங்க எழுந்திரிக்காதீங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்"னு உக்கார வெச்சுடுவோம். பாசம்தான். ஆனா உக்கார்ந்தே இருந்தா தொடை இன்னும் இளைக்கும், அடுத்த தடவை எழும்போது நிச்சயம் விழுவாங்க. அதனால நான் ஒரு நிபந்தனை வெக்கிறேன். அடுத்து என்னன்னு சொல்ல ஆள் இல்லைன்னா அளக்கவே வேணாம். செய்யறதுக்கு நிறைய இருக்கு. தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலைசுத்தலைக் கொடுக்குதான்னு மருத்துவர் பார்க்கணும். படுத்திருக்கிறப்பவும் எழுந்து நின்னதும் ரத்த அழுத்தம் அளக்கணும். கண்புரை இருந்தா எடுக்கணும். பாத்ரூம்ல கைப்பிடி, ராத்திரி விளக்கு, தேஞ்சுபோன ரப்பர் செருப்புக்கு விடுதலை. எல்லாத்துக்கும் மேல பயிற்சி. 2019ல 108 ஆய்வுகளை அலசின காக்ரேன் தொகுப்பு, உடற்பயிற்சியால விழுறது சுமார் 23 சதவீதம் குறையுதுன்னு சொல்லுது. அதுல பலன் நல்லாத் தெரிஞ்சது பேலன்ஸ் பயிற்சிலதான். நாற்காலியிலேருந்து எழுந்து எழுந்து உக்கார்றதும் அந்தப் பயிற்சில ஒண்ணு.

2024 அக்டோபர்ல 70 வயசு தாண்டின எல்லாருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் காப்பீடுன்னு விரிச்சாங்க. நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா அது மருத்துவமனையில படுத்த பிறகு வர்ற பணம். விழுந்தவருக்கு லட்சக்கணக்குல குடுக்கத் தயாரா இருக்கிறோம், விழறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அவர் நடையைப் பார்க்க யாருக்கும் நேரம் ஒதுக்கலை. வாராக்கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கு வைன்னு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுக்கிற படிப்பு எங்களோடது. எனக்கு இது கணக்குத் தப்பாத்தான் தெரியுது.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கிற தாத்தா, பாட்டிகிட்ட முதல்ல அந்த மூணு கேள்வியையும் கேளுங்க. அப்புறம் நாற்காலியைப் போடுங்க. பக்கத்துலயே நில்லுங்க. எத்தனை விநாடின்னு எழுதி வைங்க, கை எங்கே போய்ப் பிடிக்குதுன்னும் எழுதி வைங்க. மருத்துவரைப் பார்க்கப் போறப்ப அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போங்க.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை, கணக்கு எழுதப் படிக்கிறவன். திட்டணும்னா பின்னூட்டத்துல தாராளமாத் திட்டுங்க, ஆனா சோதனையைச் செஞ்சுட்டு வந்து திட்டுங்க :-)