கார்டைக் கழற்றினீர்கள், டிரைவரைக் கழற்றினீர்களா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் அதில் எதையாவது சேர்த்துப் பார்க்கும் ஆசை வந்துவிடும். வை-பி வேகம் போதவில்லை என்றால் உள்ளே இருக்கும் வை-பி கார்டை மாற்றுவார்கள். டிவி பார்க்க ஒரு டியூனர், பாட்டு நன்றாகக் கேட்க ஒரு சவுண்ட் கார்டு என்று பட்டியல் நீளும். கார்டுடன் அதற்கான டிரைவர் சாப்ட்வேரும் வரும். அதை எப்படி இன்ஸ்டால் செய்வது என்று கடைக்காரர் சொல்வார். பெட்டிக்குள் இருக்கும் தாளும் சொல்லும். ஆறு மாதம் கழித்து அந்தக் கார்டு வேண்டாம் என்று கழற்றி மேசை டிராயரில் போட்டு விடுகிறோம். சரி, டிரைவர்? அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை; நாமும் கேட்பதில்லை.

கார்டைக் கழற்றினால் டிரைவரும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அது உங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். வீட்டைக் காலி செய்து போன வாடகைக்காரரிடம் சாவியைத் திரும்ப வாங்காமல் விட்டது போலத்தான் இது. டிரைவரை இன்ஸ்டால் செய்வதில் காட்டும் அக்கறையை அதை நீக்குவதிலும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

டிரைவருக்கு உள்ள அதிகாரம்

உலகத்தில் உள்ள எல்லா கார்டுகளின் மொழியும் விண்டோஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்குத் தெரியாது. விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படியும், கார்டு தரும் பதிலை விண்டோஸுக்குப் புரியும்படியும் மாற்றிச் சொல்வதுதான் டிரைவரின் வேலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துபாஷி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வேர்ட், பிரவுசர் போன்ற புரோகிராம்கள் ஓர் எல்லைக்குள் இயங்குகின்றன. அவற்றில் ஒன்று முடங்கினால் அது மட்டும் மூடப்படும்; மற்றவை ஓடிக் கொண்டிருக்கும். கார்டுகளுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்குகின்றன. அங்கே தவறு நடந்தால் நீலத் திரை தோன்றிக் கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாப்ட்வேருக்கு வந்த அப்டேட் பைல் ஒன்றில் பிழை இருந்தது. அந்த பைலைப் படித்தது கெர்னலில் இயங்கும் ஒரு டிரைவர். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது எந்தக் கார்டுக்கும் உரிய டிரைவர் இல்லை என்றாலும், கெர்னலில் இருக்கும் ஒரு டிரைவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இவ்வளவு அதிகாரம் உள்ள ஒன்றை, வேலை முடிந்த பிறகும் ஏன் உள்ளே வைத்திருக்க வேண்டும்?

மோடம் போனது, டிரைவர் இருந்தது

1990களில் லேப்டாப்பின் பக்கவாட்டில் பிசி கார்டு என்று ஒன்றைச் செருகுவார்கள். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். ஏறக்குறைய நம் ஏடிஎம் கார்டின் அளவு. மோடம், நெட்வொர்க் வசதி எல்லாம் இதில் கிடைத்தன. 2003-ல் இதற்கு அடுத்த தலைமுறையாக எக்ஸ்பிரஸ் கார்டு வந்தது. இன்று வரும் வீட்டு லேப்டாப்களில் இந்த இரண்டும் இல்லை. உள்ளே எம்.2 ஸ்லாட், வெளியே யுஎஸ்பி போர்ட் என்று ஆகிவிட்டது. ஸ்லாட்கள் மாறினாலும், டிரைவர்கள் தங்கிவிடும் வழக்கம் மாறவில்லை.

மோடம் டிரைவர் ஒன்றின் கதையைக் கேளுங்கள். டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் அகீர் நிறுவனத்தின் மோடம்கள் பல லேப்டாப்களில் இருந்தன. அதற்கான டிரைவர் விண்டோஸுடனேயே சேர்ந்து வந்தது. டயல்-அப் மறைந்த பிறகும் அது விண்டோஸுக்குள் இருந்து கொண்டே இருந்தது. அதில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பதும், அதைத் தாக்குதல்காரர்கள் ஏற்கனவே பயன்படுத்துவதும் 2025-ல் வெளியே வந்தது. கம்ப்யூட்டருக்குள் சாதாரண பயனாளராக நுழைந்த ஒருவர், இந்த டிரைவரின் வழியாக அட்மினிஸ்டிரேட்டர் அதிகாரத்தைப் பெற்றுவிட முடியும். மோடம் பயன்பாட்டில் இல்லாத கம்ப்யூட்டர்களும் இதில் அடக்கம். 2025 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாப்ட் அந்த டிரைவரைச் சரி செய்யவில்லை, விண்டோஸிலிருந்தே நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்த பேக்ஸ் மோடம்கள் இனி விண்டோஸில் இயங்காது என்றும் சொல்லிவிட்டது.

விண்டோஸுடன் வந்த டிரைவர் என்பதால் மைக்ரோசாப்ட் அதை அப்டேட் மூலம் நீக்க முடிந்தது. நீங்களாக இன்ஸ்டால் செய்த டிரைவருக்கு அப்படி யாராவது பொறுப்பேற்று வருவார்கள் என்று காத்திருக்க முடியாது. அதை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

பூட்டைப் பூட்ட விடாத டிரைவர்

உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டி புரோகிராமைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி பிரிவில் கோர் ஐசொலேஷன் டீடெய்ல்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். அங்கே மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கெர்னலுக்குள் தவறான புரோகிராம்கள் நுழைவதைத் தடுக்கும் பாதுகாப்பு இது. சிலருடைய லேப்டாப்பில் இதை ஆன் செய்ய முடியாது. ஒத்துப் போகாத டிரைவர்கள் இருப்பதாகச் சொல்லி, விண்டோஸ் ஒரு பட்டியலைக் காட்டும். அந்தப் பட்டியலில் இருப்பது, எப்போதோ தூக்கிப் போட்ட பழைய டியூனரின் டிரைவராகக்கூட இருக்கலாம். கார்டு டிராயரில் கிடக்கிறது. அதன் டிரைவர் உங்கள் வீட்டுப் பூட்டைப் பூட்ட விடாமல் நிற்கிறது.

கார்டு இல்லாதபோது அதன் டிரைவர் பெரும்பாலும் மெமரியில் ஏறுவதில்லை, அதனால் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. மெமரியில் ஏறாத டிரைவரும் இந்தப் பட்டியலில் இடம் பிடித்து சுவிட்சைத் தடுக்கும். மேலும், டிரைவருடன் வரும் துணைப் புரோகிராம்கள் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விண்டோஸுடன் சேர்ந்தே தொடங்கி, பின்னணியில் ஓடிக் கொண்டிருக்கும்.

யாரிடம் வாங்குவது?

நீக்குவது எளிதாக இருக்க வேண்டுமானால், இன்ஸ்டால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். டிரைவரை மூன்று இடங்களில் இருந்து மட்டும் பெறுங்கள். ஒன்று, விண்டோஸ் அப்டேட். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பிரிவில், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்பதற்குள் டிரைவர்களும் இருக்கும். இரண்டு, உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் இணைய தளம். மூன்று, கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணைய தளம்.

"உங்கள் டிரைவர்கள் பழையவை, ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்" என்று அழைக்கும் டிரைவர் அப்டேட்டர் புரோகிராம்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வீட்டு உபயோகத்திற்கு விண்டோஸ் அப்டேட்டே போதும். நன்றாக ஓடும் கார்டுக்குப் புது டிரைவர் தேடி அலையவும் தேவை இல்லை.

டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலத்தில் இருந்தே கெர்னல் டிரைவர்களுக்குக் கையொப்பம் கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையொப்பம், டிரைவரை யார் தந்தது என்பதைத்தான் சொல்லும். அதில் குறையே இல்லை என்று சொல்லாது. 2020-ல் ராபின்ஹுட் என்ற ரேன்சம்வேர், கிகாபைட் நிறுவனத்தின் கையொப்பமிட்ட பழைய டிரைவர் ஒன்றைத் தன்னுடனேயே கொண்டு வந்து, அதில் இருந்த குறையின் வழியாக ஆன்ட்டி வைரஸ் புரோகிராம்களை முடக்கியது. பழைய டிரைவர் என்பது பழைய சாவி. யார் கையில் கிடைத்தாலும் கதவு திறக்கும்.

மாட்டும் முறை

வை-பி கார்டையே எடுத்துக் கொள்வோம். வாங்கும் முன்பே அது உங்கள் லேப்டாப்பில் வேலை செய்யுமா என்று பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 201 என்ற இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் 201, அதற்கென வசதி உள்ள இன்டெல் பிராசசர் லேப்டாப்களில் மட்டுமே இயங்கும். சில பழைய லேப்டாப்கள், நிறுவனம் அனுமதித்த கார்டுகளைத் தவிர வேறு எதையும் ஏற்காது.

அடுத்தது, டிரைவரை முன்கூட்டியே டவுன்லோட் செய்து பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். புதுக் கார்டுக்கு டிரைவர் இல்லை என்றால் இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் இல்லை என்றால் டிரைவரை டவுன்லோட் செய்ய முடியாது! உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்றும் பாருங்கள். ஒன்றுக்கான டிரைவர் மற்றதில் இயங்காது. விண்டோஸ் 11 என்றால் 64 பிட் மட்டும்தான். சிஸ்டம் புரொடெக்ஷன் ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். கார்டை முதலில் மாட்டுவதா, டிரைவரை முதலில் இன்ஸ்டால் செய்வதா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். பெட்டியில் உள்ள தாளைப் படித்த பிறகு தொடங்குங்கள்.

கழற்றும் முறை

இங்கே வரிசை முக்கியம். கார்டு லேப்டாப்பில் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதலில் செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் பிரிவில் அந்தக் கார்டுடன் வந்த புரோகிராம்களை அன் இன்ஸ்டால் செய்திடுங்கள். அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்திடுங்கள். அங்கே கார்டு இன்னும் இருந்தால், அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து அன் இன்ஸ்டால் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் சிறிய கட்டம் ஒன்று தோன்றும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதில் டிக் செய்யாவிட்டால் டிரைவர் விண்டோஸின் சேமிப்பிலேயே தங்கிவிடும்; அடுத்த முறை கார்டைக் கண்டதும் விண்டோஸ் அதையே மறுபடியும் இன்ஸ்டால் செய்துவிடும். இதன் பிறகு லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றுங்கள். யுஎஸ்பி என்றால் ஷட் டவுன் தேவை இல்லை.

கார்டை ஏற்கனவே கழற்றிவிட்டீர்களா? பரவாயில்லை. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குச் சென்று, ஷோ ஹிட்டன் டிவைசஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். இப்போது லேப்டாப்பில் இல்லாத சாதனங்கள் மங்கலாகத் தெரியும். அதில் உங்கள் பழைய கார்டைக் கண்டுபிடித்து முன்பு சொன்னபடியே நீக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மங்கலாகத் தெரிவதை எல்லாம் நீக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவற்றில் விண்டோஸுக்குத் தேவையானவையும் இருக்கும். நீங்கள் வாங்கி, மாட்டி, கழற்றிய பொருள் என்று பெயரைப் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள். மவுஸ், பென் டிரைவ் போன்றவற்றுக்குப் பொதுவாக விண்டோஸில் உள்ள டிரைவரே போதும் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஓடுகிற வண்டியை ஏன் நோண்ட வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போது கை வைத்துக் கெடுத்துக் கொண்டவர்கள் உண்டு. நான் சொல்வது ஓடுகிற வண்டியை நோண்டச் சொல்வது இல்லை. இறங்கிப் போனவரிடம் சாவியைக் கேட்டு வாங்கச் சொல்வது. கார்டைக் கழற்றும் அன்றே செய்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடம் கழித்து, எந்த டிரைவர் எதற்கு வந்தது என்பதே மறந்த நிலையில் செய்வதுதான் கடினம், ஆபத்தும்கூட.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். முன்பு வைத்திருந்தவர் என்னென்ன மாட்டினார், எங்கிருந்து டிரைவர் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுவதே நல்லது.

கார்டு தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஸ்டால் செய்யும் முறைக்குப் பக்கம் பக்கமாகப் படம் போடுகிறீர்கள். நீக்கும் முறைக்கு நான்கு வரி ஒதுக்குங்கள். வாங்குபவர்களும் கடையில் "எப்படி மாட்டுவது?" என்று கேட்பதோடு, "எப்படி நீக்குவது?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.

லேப்டாப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்துக் கொள்ளுங்கள். கார்டின் பெயர், மாட்டிய தேதி, டிரைவரை எடுத்த இடம், கூடவே வந்த புரோகிராம்களின் பெயர்கள் என்று நான்கு விவரம் எழுதினால் போதும். கார்டைக் கழற்றும் நாளில் டிரைவரையும் நீக்கிவிட்டு, அந்த வரியை அடித்து விடுங்கள்.