எல்லையில் கேட்கும் புகைக் கணக்கு

பிழைப்புத் தேடி ரூர்கேலாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்குச் சோறு போட்டது இரும்பு. அதனால் இரும்பைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் நின்று கேட்பேன். இப்போது அந்தப் பேச்சு ஐரோப்பாவிலிருந்து வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றுக்குக் கரிக் கட்டணம் விதிக்கத் தொடங்கியிருக்கிறது. பொருளைச் செய்தபோது எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது என்று கணக்கிட்டு, அதற்குரிய சான்றிதழை இறக்குமதி செய்பவர் விலைக்கு வாங்க வேண்டும். முதலில் சிறிதாக இருக்கும் இந்தச் சுமை ஆண்டுதோறும் ஏறி 2034-இல் முழுமையாகும்.

இது நம்மைக் கடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஒரு டன் எஃகுக்கு உலக சராசரியாக வெளியேறும் கரியமில வாயு சுமார் 1.9 டன். இந்தியாவில் அது சுமார் 2.5 டன். நம்மிடம் பழைய இரும்பு குறைவு, இயற்கை எரிவாயு விலை அதிகம், கைக்கு எட்டுவது நிலக்கரிதான்.

இது அநியாயம் என்று நம்மவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1992-இல் ரியோ மாநாட்டில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லோருக்கும் சமமல்ல என்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. நிலக்கரியை எரித்து முதலில் செல்வம் சேர்த்தவர்கள் அவர்கள். ரூர்கேலா ஆலை மேற்கு ஜெர்மனியின் உதவியோடும், துர்காபூர் ஆலை பிரிட்டனின் உதவியோடும் எழுந்தவை. பிளாஸ்ட் ஃபர்னஸ் கட்ட உதவிய ஐரோப்பாவே இன்று அதன் புகைக்கு விலை கேட்கிறது. வசூலாகும் பணமும் நம் உலைகளை மாற்றுவதற்காக இங்கே வரப் போவதில்லை.

ஆனால் இந்தக் கோபத்தோடு நின்றுவிடுவது நமக்கு நல்லதா? வாணிபத்தில் சரக்கு கப்பலேறிப் போய்விடுகிறது, புகை இங்கேயே தங்கிவிடுகிறது. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. அதே நிலக்கரியின் கரித்தூள் தெரியும். இந்த ஊர்ப்பக்கம் கொடியில் வெள்ளைத் துணி காயப்போடும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. குறைந்த புகையில் செய்த எஃகைப் பிரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு, மற்றதை உள்நாட்டில் விற்றால் கணக்கு நேராகிவிடும், ஆனால் ஒரு புகைபோக்கிகூடக் குறையாது. அவர்களுக்கு ஓர் இரும்பு, நமக்கு ஓர் இரும்பு என்றாகிவிடக் கூடாது.

இதற்கு வழி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உற்பத்தியான நாட்டிலேயே கரிக்கு விலை கட்டியிருந்தால், அதை ஐரோப்பாவில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே கொட்டும் பணத்தை இங்கே வசூலித்து, இங்கேயே செலவிடுவதே புத்திசாலித்தனம். 2023-இல் நம் அரசு கரி வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு அளவுகோலும் வகுத்தது. இவை ஏற்றுமதிச் சரக்கோடு நிற்காமல், உள்ளூரில் வீடு கட்டும் கம்பி வரைக்கும் வர வேண்டும்.

கம்பி விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஏறலாம். இந்தியர் ஒருவருக்கான எஃகுப் பயன்பாடு உலக சராசரியில் ஏறக்குறைய பாதிதான். பாலமும் பள்ளிக்கூடமும் இனிமேல்தான் கட்ட வேண்டியிருக்கிறது. எனவே வளர்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. வசூலாகும் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல், பழைய இரும்பை உருக்கும் மின் உலைகளுக்கும், சிறிய ஆலைகளுக்குக் குறைந்த வட்டிக் கடனுக்கும் போக வேண்டும் என்கிறேன். பெரிய ஆலைகள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும். சிறிய ஆலை மூடினால் தெருவுக்கு வருவது தொழிலாளிதான்.

நம் சங்கத்து வீடுகளில் எஃகு ஆலைகளில் பணிபுரியும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். உலையின் அருகில் நிற்பவர்கள் அவர்கள். நான் சொல்வதில் பிழை இருந்தால், அடுத்த இதழில் அவர்கள் எழுதட்டும்.