கம்ப்யூட்டருக்குள் ஓயாத மராமத்து: தடுக்கலாமா?

2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் ஒரு பெரிய வசதி முடிவுக்கு வந்தது. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி, ‘விண்டோஸ் 10’ கம்ப்யூட்டர்களுக்கு வழக்கமாக அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அன்றோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29-ல் வெளிவந்து, பத்தாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் வீடுகளிலும் ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உழைத்த மென்பொருள் அது. மறுநாள் காலையிலும் அந்தக் கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல ஓடின. கடிதங்கள் அடிக்கப்பட்டன, கணக்குகள் போடப்பட்டன. பார்வைக்கு எந்த மாறுதலும் இல்லை. ஆனால், யார் கண்ணிலும் படாமல் உள்ளே நடந்து வந்த ஒரு வேலை நின்றுபோயிற்று.

அந்த வேலைக்குத்தான் ‘அப்டேட்’ என்று பெயர். அது நடந்துகொண்டிருந்த காலத்தில் அதற்கு நல்ல பெயர் கிடைத்ததில்லை. அவசர வேலையின்போது யந்திரம் மந்தமாகிவிடுகிறது. இணையத்துக்குக் கட்டிய பணம் தானாகக் கரைகிறது. வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் “அணைக்காதீர்கள், பொறுங்கள்” என்று திரை உத்தரவு போடுகிறது. “இந்தத் தொல்லையை எப்படி நிறுத்துவது?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

திருடனுக்கும் தெரியும்

விண்டோஸ் போன்ற மென்பொருள் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. அத்தனை வரிகளையும் பிழையின்றி எழுத மனிதரால் ஆகாது. பிழைகளில் சில, அந்நியர் உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள். அவற்றை அடைப்பதற்கான திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுவது என்ற வழக்கத்தை மைக்ரோசாப்ட் 2003 அக்டோபரில் ஏற்படுத்தியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திருத்தம் வெளியானதும் நல்லவர்கள் மட்டும் அதைப் பெறுவதில்லை, கெட்டவர்களும் பெறுகிறார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மாறிய இடத்தில்தானே ஓட்டை இருந்தது! ஆகவே, திருத்தம் வெளியான நாள் முதல் ஒரு பந்தயம் தொடங்குகிறது. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர், எந்தக் கதவில் பூட்டு இல்லை என்று ஊரெல்லாம் அறிந்த வீட்டுக்குச் சமானம்.

பிரிட்டன் கண்ட பாடம்

இதற்குச் சாட்சி 2017-ம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 14-ந் தேதி விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியாயிற்று. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மே 12-ந் தேதி, அதே ஓட்டை வழியாக ‘வான்னாக்ரை’ என்னும் விஷமப் புரோகிராம் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் அது பரவியது.

பிரிட்டனில் அடி விழுந்தது ஆஸ்பத்திரிகளுக்கு. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவ சேவையை நடத்தும் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ரத்தான சிகிச்சை நேரங்கள் 6,912 என்று கணக்கில் வந்தன. உண்மையில் 19,000-க்கு மேல் இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகள் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்குச் செல்ல நேர்ந்தது. பிறகு விசாரித்த அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், சாதாரணப் பாதுகாப்பு முறைகளைப் பின்பற்றியிருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்று கூறிவிட்டது. மருந்து மார்ச்சிலேயே தயார், உட்கொள்ளத்தான் ஆளில்லை!

மருந்தே நோயானால்?

அப்படியானால் வருகிற அப்டேட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதா? அதற்கும் மறுபக்கம் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் பெரிய அப்டேட், சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்திய மைக்ரோசாப்ட், நவம்பரில்தான் அதை மீண்டும் வெளியிட்டது.

2024 ஜூலை 19-ல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. கிரவுட்ஸ்டிரைக் என்ற வேறொரு கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. விமானங்கள் ரத்தாயின, ஆஸ்பத்திரிகளிலும் பாங்குகளிலும் வேலை ஸ்தம்பித்தது. கம்பெனி 78 நிமிஷத்தில் தவறைத் திருத்தியும், படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

எனவே, அப்டேட்டைக் கண்டு அஞ்சுவோரை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அச்சத்துக்கு மருந்து தடுப்பதன்று. முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்துக்கொண்டு, சில நாள் பொறுத்து ஏற்பதே புத்தி. தள்ளிவைக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. சில நாள் பொறுப்பது ஜாக்கிரதை. பல மாதம் பொறுப்பது அலட்சியம்.

நான்கு கட்டங்கள்

உள்ளே நடப்பது என்ன? அப்டேட் நான்கு கட்டமாக நடக்கிறது.

முதலாவது, விசாரிப்பு. கம்ப்யூட்டர் மைக்ரோசாப்டின் சர்வரை அழைத்து, தனக்கு உரிய திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்கிறது. இரண்டாவது, இறக்குமதி. இதைப் பின்னணியில் செய்யும் ‘பிட்ஸ்’ என்ற சேவை, மற்ற வேலைகள் போக எஞ்சிய இணைய வேகத்தைக் கொண்டே கோப்புகளை வரவழைக்கப் பார்க்கிறது. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மூன்றாவது, பொருத்துதல். யந்திரம் திணறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நான்காவது, மறுதொடக்கம். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாதாகையால், யந்திரம் ஒருமுறை நின்று எழுகிறது.

எங்கே சிக்கல்?

அப்டேட் நின்றுவிட்டால், எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுகொண்டாலே பாதி ரிப்பேர் முடிந்தது. திரையில் காட்டும் பிழை எண்ணை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

விசாரிப்பிலேயே தவறினால் இணைப்பையும், கம்ப்யூட்டரின் தேதியையும் மணியையும் பார்க்க வேண்டும். கடிகாரம் வெகுவாகத் தவறியிருந்தால் சர்வரின் அத்தாட்சிப் பத்திரம் செல்லாததாகத் தோன்றி, பேச்சே தொடங்காது.

இறக்குமதி நகராவிட்டால், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் இருந்தும் நகராவிட்டால், அரைகுறையாக வந்து கெட்டுப்போன கோப்பு காரணமாயிருக்கலாம். அப்டேட் சேவையையும் பிட்ஸ் சேவையையும் நிறுத்தி, விண்டோஸ் போல்டருக்குள் உள்ள ‘சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற போல்டரின் பெயரை மாற்றிவிட்டு, சேவைகளை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

பொருத்துதலில் தோற்றால், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதாகியிருக்கக் கூடும். ‘டிஸ்ம்’, ‘எஸ்.எப்.சி.’ என்ற இரு கருவிகள் அவற்றைச் சோதித்துச் செப்பனிடும். டிஸ்ம் முதலில், எஸ்.எப்.சி. பிறகு என்பதே முறை. மறுதொடக்கத்தில் தோற்றால், விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அப்போது பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பது, தையல் பாதியில் இருக்கும்போது நோயாளி மேஜையிலிருந்து எழுந்து ஓடுவதைப் போன்றது.

எல்லாம் சரியாயிருந்தும் அப்டேட் தவறுவது உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு திருத்தம் ஏராளமான விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் 80070643 என முடியும் பிழை எண்ணைக் காட்டித் தோற்றது. டிஸ்கில் தாராளமாக இடம் இருந்தவர்களுக்கும் அதே கதி! ரிப்பேருக்கென ஒதுக்கப்பட்ட தனிப்பகுதி சிறிதாயிருந்ததே காரணம். அதை 250 மெகாபைட் பெரிதாக்கும்படி மைக்ரோசாப்ட் சொன்னது. பொதுமக்கள் செய்யக்கூடிய காரியமா அது? தெளிவில்லாத எண்ணைக் காட்டிவிட்டுப் பழியை உபயோகிப்போர் தலையில் போடும் வழக்கத்தைக் கம்பெனிகள் விட்டாக வேண்டும். அப்டேட்டின் மீது ஜனங்களுக்குள்ள வெறுப்பில் பாதி, இந்த மௌனத்தால் வந்தது.

பழைய யந்திரம் வைத்திருப்போர்

இப்போது விண்டோஸ் 10 உபயோகிப்போர் நிற்பது நாற்சந்தியில். விண்டோஸ் 11-க்கு மாறச் செலவில்லை. ஆனால் அது ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. நன்றாக ஓடும் பல யந்திரங்கள் இதனால் தகுதியிழந்தன. அவற்றுக்காக ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது: 30 டாலர் கட்டினாலோ, அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்து வைத்தாலோ 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. லினக்ஸ் என்னும் இலவச இயக்க முறைக்கு மாறுவது இன்னொரு வழி.

எந்த வழியை ஏற்பதும் அவரவர் சௌகரியம். எந்த வழியையும் ஏற்காமல், திருத்தமற்ற யந்திரத்தில் பாங்கு வேலையும் ஆபீஸ் வேலையும் பார்ப்பதுதான் ஆபத்து. ஏரிக்கரையில் மராமத்து நின்ற அன்றே வெள்ளம் வந்துவிடுவதில்லை. கரை அப்படியேதான் இருக்கும்; தண்ணீரும் அமைதியாகத்தான் நிற்கும். அடுத்த மழை வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.